மழையில் நனைந்த டிரம்

கும்பகோணம் பக்கம் பழைய அம்பாசிடர் ஓட்டுபவருக்கு மலைப்பாதைக் கவலை கிடையாது. டெல்டா தட்டையான பூமி. பிரேக் பழுக்கக் காய வழியில்லை. இங்கே வில்லன் தண்ணீர்தான். ஒரு ஐப்பசி மழையில், அரசலாற்றங்கரையில் அரைச் சக்கரம் மூழ்கும் நீரைத் தாண்டி வந்து பெடலை மிதித்தேன். வண்டி நிற்காமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் மதகோரம் நின்றது.

இந்தப் பழைய வண்டியில் இருப்பது டிரம் பிரேக். அதில், சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளைக்குள் ஷூ எனும் வளைந்த கட்டைகள் விரிந்து உரசுகின்றன. சுழலும் திசைக்குத் தோதான ஷூவை டிரம்மே இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும், கதவடியில் செருகிய ஆப்பு கதவு நகர நகர இறுகுவதுபோல. காலுக்குச் சுமை குறைவு. ஆனால் அந்த உதவியே உபத்திரவமும் ஆகிறது. ஷூ மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் நனைந்து உராய்வு கொஞ்சம் குறைந்தால் இந்த இறுக்கமும் கூடவே குறையும். பிடிப்பு மளமளவென விழும். இரு பக்கமும் ஒரே அளவில் நனையாததால்தான் வண்டி திரும்புகிறது.

இதனால்தான் சிலர் டிஸ்க் பிரேக்குக்கு மாறுகிறார்கள். டிஸ்க் என்ற வட்டத் தகடு திறந்தவெளியில் சுற்றுவதால் தண்ணீரைச் சிதறடித்துவிடும். மிச்சத்தை, தகட்டை இருபுறமும் கவ்வும் பேட் துடைக்கும். சுய இறுக்கம் இல்லை, மிதித்த அளவுக்குத்தான் பிடிக்கும். அதனால் முன்சக்கரங்களில் டிஸ்க்கை மட்டும் மாட்டியவர்கள், ‘பெடல் கல்லு மாதிரி இருக்கு’ என்று புலம்புவார்கள். அதற்கு, மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேண்டும். அதனுள் ஒரு ரப்பர் திரை. ஒருபுறம் வெற்றிடம், மிதித்ததும் மறுபுறம் வெளிக்காற்று நுழைந்து தள்ளும். கடல்மட்டத்தில் காற்று சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்துகிறதே, அந்த பலம்தான். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போதே வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அப்படிக் கிடைக்காது, தனி வாக்குவம் பம்ப் தேவை. இதை மறந்து செலவு செய்தவர்கள் உண்டு.

சரி, பெடலை மிதித்ததும் பிரேக் திரவத்தைக் குழாயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்? டிரம்முக்கான பழைய சிலிண்டர்கள் பலவற்றில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கும் வால்வு இருக்கும். அது டிஸ்க்குக்கு ஆகாது, பேட் உரசிக்கொண்டே கிடக்கும். மாற்றும்போது இரட்டை அறை சிலிண்டராகவே போடுங்கள்; முன்பக்கம் ஒழுகினாலும் பின்பக்கம் பிடிக்கும்.

பின்சக்கரங்களுக்கு டிரம்மே போதும். பிரேக் போட்டால் எடை முன்னால் சாய்கிறது, ஹேண்ட் பிரேக்குக்கும் அதுதான் வசதி. ஆனால் அந்த டிரம்முக்குள் இன்னமும் தண்ணீர் புகும். நீரைத் தாண்டியதும் பெடலை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டுங்கள். உரசும் சூட்டில் காய்ந்துவிடும்.