லேபிள்: வில்லையா, முத்திரையா, வெளியீட்டகமா?

"இந்தப் படத்துப் பாட்டெல்லாம் எந்த லேபிள்?" என்று கேட்டால் இன்று எல்லோருக்கும் புரிகிறது. பாட்டின் உரிமையை வாங்கி, பணம் போட்டு, கேட்பவர் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நிறுவனம். சிக்கல் எழுத்தில்தான். ஆங்கிலத்தின் 'ரெக்கார்ட் லேபிள்' என்பதற்கு, வாழ்க்கைக் குறிப்புகளில் 'பதிவு லேபிள் நிறுவனர்', 'பதிவு முத்திரை உரிமையாளர்' என்றெல்லாம் வருகிறது. பதிவு முத்திரை என்றால் சார்பதிவாளர் அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மனிதர் என்ன தொழில் செய்தார் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

லேபிள், பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். நாடா போலத் தொங்கும் துணித்துண்டைத்தான் முதலில் குறித்தது. அப்புறம் ஆவணத்தில் முத்திரையைக் கோக்கும் பட்டை, பொருளின் மேல் பெயர் எழுதி ஒட்டும் சீட்டு என்று பொருள் விரிந்தது. சரி, ஒட்டுகிற சீட்டு எப்படி ஒரு நிறுவனமாயிற்று? கிராமபோனைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரின் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கிவிடும்.

பெர்லினர் 1851-இல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். 1870-இல் அமெரிக்கா போய், வாஷிங்டனில் ஜவுளிக்கடைக் குமாஸ்தாவாக இருந்தார். தானே படித்துத் தொலைபேசிக்கான ஒலிவாங்கி ஒன்றை உருவாக்கினார். பெல் நிறுவனம் அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. 1887-இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். எடிசனின் கருவியில் ஒலி பதிவானது உருளையில், இவருடையதில் தட்டையான தட்டில். ஒரே அச்சிலிருந்து ஏராளமான தட்டுகளை அழுத்தி எடுக்கலாம். பாட்டை வெளியிடுவது ஒரு தொழிலாக வளர்ந்ததற்கு இதுதான் அடிப்படை என்பேன். 1895-இல் பிலடெல்பியாவில் அவருடைய நிறுவனம் தொடங்கியது.

அந்தத் தட்டுகளில் லேபிளே கிடையாது! ஏழு அங்குலத் தட்டின் நடுவில் பாட்டின் பெயர், பாடியவர் பெயர், எண், பலவற்றில் பதிவான தேதி எல்லாம் கீறி எழுதப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும். அவருக்குக் கருவி செய்துகொடுத்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1900-இல் தட்டின் நடுவே வட்டத் தாளை ஒட்டத் தொடங்கினார். இந்தத் தாளுக்கு 'வில்லை' என்ற சொல் அழகாகப் பொருந்தும். சேவகர் அணிந்த அடையாளத் தகட்டை வில்லை என்றோம். அஞ்சல் வில்லை என்றும் சொல்கிறோம்.

இந்தியாவுக்கும் வில்லைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1902-இல் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்த பாடகி கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பார். தட்டுகள் ஹனோவரில் தயாராயின. மொழி தெரியாத அங்குள்ள தொழிலாளர்கள் சரியான பெயரை வில்லையில் அச்சிடத்தான் அந்த அறிவிப்பு என்பார்கள். அந்த ஆலை, பெர்லினரும் தம்பி யோசப்பும் 1898-இல் தொடங்கிய டாய்ச்ச கிராமபோனுடையது. அந்தப் பெயர் இன்றும் மேற்கத்திய செவ்வியல் இசையில் நிலைத்திருக்கிறது.

அடுத்த பொருள் 'முத்திரை'. கிராமபோன் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து கேட்கும் நாயின் 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' (எச்.எம்.வி.) என்ற ஓவியத்தை லண்டன் கிராமபோன் கம்பெனி 1899-இல் வாங்கியது. பெர்லினர் அதை 1900 ஜூலையில் அமெரிக்காவில் வணிகக் குறியாகப் பதிவு செய்தார். ஆனால் அதே ஆண்டு, விற்பனை முகவரோடு வந்த வழக்கில் அமெரிக்காவில் அவர் விற்பதற்கே நீதிமன்றம் தடை போட்டது. தான் கண்டுபிடித்த பொருளைத் தானே விற்க முடியாத நிலை. எவ்வளவு பெரிய கொடுமை! அவர் கனடாவின் மான்ட்ரியலில் தொழிலைத் தொடர்ந்தார். நாய்ப்படம் அமெரிக்காவில் ஜான்சனின் விக்டர் நிறுவனத்துக்குப் போயிற்று. லண்டன் கம்பெனியும் பின்னாளில் தன் வில்லைகளில் அதையே அச்சிட்டது. நம் ஊரிலும் கிராமபோன் கம்பெனி என்றவர்களைவிட எச்.எம்.வி. என்றவர்களே அதிகம். வில்லையிலிருந்த முத்திரையின் பெயரே நிறுவனத்தின் பெயராகிவிட்டது. லேபிள் நிறுவனத்தைக் குறிக்கத் தொடங்கியதும் இப்படித்தான்.

ஆகவே இடம் பார்த்து எழுத வேண்டும். தட்டில் ஒட்டிய தாள் வில்லை. வணிகப் பெயரும் படமும் முத்திரை. நிறுவனம் 'இசை வெளியீட்டகம்'. பெர்லினர் இசை வெளியீட்டக நிறுவனர். 'இசைத்தட்டு நிறுவனம்' அவர் காலத்துக்குச் சரி, தட்டு அரிதாகிவிட்ட இன்றைக்கு ஒட்டாது. 'இசைப் பதிப்பகம்' கேட்க நன்றாக இருந்தாலும் இந்த இடத்தில் வேண்டாம். மெட்டு, பாடல் வரி ஆகியவற்றின் உரிமையைக் கவனிப்பது இசைத்துறையில் தனித் தொழில். அந்தப் பெயர் அதற்குத் தேவைப்படுகிறது.