ஓர் ஆளை அளக்க மூன்று ஜோடிக் கண்கள்

கோவையில் இந்தியக் கடற்படையின் தேர்வு வாரியம் ஒன்று இருக்கிறது. அதிகாரியாகச் சேர விரும்புகிறவர்களை அங்கே ஐந்து நாள் தங்கவைத்து, அவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று பார்க்கிறார்கள். தரைப்படை, விமானப்படை வாரியங்களிலும் இதே முறைதான். மனம், வாக்கு, காயம் என்று சொல்வோமே, அந்த மூன்றையும் மூன்று பேர் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள்.

மனத்தைப் பார்ப்பவர் உளவியலாளர். மங்கலான படம் ஒன்று திரையில் 30 நொடி தெரியும்; 4 நிமிடத்தில் அதற்கொரு கதை எழுத வேண்டும். அப்புறம் வரிசையாக 60 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் 15 நொடிக்குள் தோன்றியதை எழுத வேண்டும். யோசித்து நல்ல பிள்ளையாக வேடம் போட நேரம் தரக் கூடாது என்பதுதான் இந்த அவசரத்துக்குக் காரணம். வாக்கைப் பார்ப்பவர் நேர்காணல் அதிகாரி. காயத்தை, அதாவது உடலால் செய்வதைப் பார்க்கும் மூன்றாமவர் மைதானத்தில் நிற்கிறார். ஒரு குழுவிடம் பலகையும் கயிறும் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்கிறார். பல கட்டங்களில் தலைவர் என்று யாரையும் நியமிப்பதில்லை. யோசனை பலிக்காதபோது யார் எரிந்து விழுகிறார், யார் அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்குகிறார் என்பதெல்லாம் தானாகவே வெளியே வந்துவிடும். கடைசி நாளில்தான் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள்.

சரி, எதற்கு மூன்று பேர்? உளவியலாளர் சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நல்ல விளக்கம் கிடைக்கிறது. ஒருவரைப் பற்றி அவரிடமும் அவருடைய நண்பர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் கேட்டு, அந்தப் பதில்களை ஆய்வகச் சோதனைகளோடு ஒப்பிட்டார். பதற்றம், தன்னம்பிக்கைக் குறைவு போன்றவற்றை அவரவர்தான் சரியாகச் சொன்னார்கள். அவை உள்ளுக்குள் நடப்பவை. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. அறிவுக்கூர்மை, படைப்பாற்றல் என்று வந்தால் நண்பர்களின் கணிப்பே மேல். தன்னை முட்டாள் என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? கலகலப்பை மட்டும் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆகவே, கேள்வித்தாளை மட்டும் நிரப்பச் சொல்லி வேலைக்கு ஆளெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விடை தருபவருக்கே தெரியாததை அதில் எப்படி எழுதுவார்?

கோவை முறையிலும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. படம் பார்த்துக் கதை எழுதும் சோதனை உளவியலாளர்களிடையே நெடுங்காலமாகச் சர்ச்சைக்குரியது. ஒரே கதைக்கு இருவர் இருவேறு பொருள் சொல்ல முடியும். பயிற்சி மையங்களில் கதைகளைத் தயார் செய்துகொண்டும் போகலாம். மைதானத்தில் அது அவ்வளவு எளிதில்லை. பலகை சறுக்கும் நேரத்தில் மனப்பாடம் செய்த முகத்தை வைத்துக்கொண்டிருப்பது கஷ்டம்.