கொண்டை போட ஒரு தோள்

காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த அந்த ஆத்தா வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. "ஏனுங் தம்பி, கொண்டை போட்டுக்கோணும். அவ்வளவுதானுங்" என்றார். மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்ததில் தோள் விலகியிருக்கிறது. எக்ஸ்ரே எடுக்காமலே கட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டார். அன்றைக்கே படம் எடுத்திருந்தால் பெரும்பாலும் கத்தியில்லாமலே தோளைத் திரும்பக் குழியில் ஏற்றியிருக்கலாம்.

விலகிய எலும்பு தோள்குழியின் முன்விளிம்பைத் தின்றிருந்தது. பெண்களுக்கு அந்தக் குழியின் அகலமே சுமார் 25 மில்லிமீட்டர்தான்.

இவருக்குத் தலைகீழ் மாற்று மூட்டுதான் வழி. பந்து குழிப் பக்கம் போகும், கிண்ணம் கை எலும்புக்கு வரும். பிரான்சின் பால் கிராமோன் 1985-இல் கொண்டுவந்த யோசனை இது. உள்தசைகள் கிழிந்திருந்தாலும் தோளை மேலே மூடியிருக்கும் டெல்டாய்டு தசை கையைத் தூக்கிவிடும். ஆனால் பந்தைத் தாங்கும் தட்டு ஆடக் கூடாது. 0.15 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தால் எலும்பு அதில் வளர்ந்து பிடிக்காது.

அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே கணினியில், தோளின் முப்பரிமாண மாதிரி உருவத்தில் தட்டை வைத்துப் பார்க்கிறோம். அவர் கொண்டுவந்த சிடி ஸ்கேனில் மூட்டு மட்டும்தான் இருந்தது, ஒவ்வொரு படவெட்டும் 3 மில்லிமீட்டர் தடிமன். தோள்பட்டை எலும்பு முழுசும் தெரியாமல் குழி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்க முடியாது. 1 மில்லிமீட்டருக்கு மிகாத வெட்டில் திரும்ப எடுத்தோம். (ஃபிலிமை மட்டும் வாங்கி வராதீர்கள். ஸ்கேன் பதிந்த வட்டையும் கேட்டு வாங்குங்கள்.)

திரையில் கை எலும்பை ஒரு சொடுக்கில் மறைத்துவிட்டு, தட்டை வழக்கமான திசையில் வைத்தேன். தட்டின் நடுமுளை முன்பக்கம் எலும்பைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. திசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எலும்பு தடிமனாக இருக்கிற பக்கம் கொண்டுபோனேன். முன்னால் விழுந்த இடைவெளிக்கு, எப்படியும் வெட்டி எடுக்கப்போகிற கை எலும்பின் பந்து முனையிலிருந்தே ஒரு ஆப்பு. நாலாவது முறைதான் திருகுகளுக்குப் பிடிமானம் கிடைத்தது. இந்த நாலு முறையும் ஆபரேஷன் மேசையில் நடந்திருந்தால்? அங்கே துளை ஒரு முறைதான்.

ஆனால் டெல்டாய்டுக்குப் போகும் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று அந்த மாதிரி உருவம் சொல்லாது. அதைக் கையால்தான் சோதித்தேன். குழி அதிகம் தேயாதவர்களுக்கு எக்ஸ்ரேயும் சாதாரண சிடியுமே பல நேரம் போதும். கணினித் திட்டத்தால் தட்டு சரியான இடத்தில் உட்காருவது கூடுகிறது. வலியும் அசைவும் அதே அளவுக்குக் கூடுதலாகத் தேறும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆறாம் மாதம் கொண்டை போட்டுக் காட்டினார். முதுகுப் பக்கம் கை போகவில்லை. இந்த மூட்டில் பலருக்கும் அது குறைவுதான், முன்பே சொல்லியிருந்தேன். "அதுக்கு மருமக இருக்கறாளுங்" என்றார்.