லூமனை நம்பி விமானத்தை இறக்காதீர்கள்

அமெரிக்காவில் வீட்டு கராஜில் விமானம் கட்டுகிறவர்களின் வீடியோக்களை விடாமல் பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "இறக்கை, எஞ்சின் எல்லாம் மளமளவென்று முடிகிறது. லேண்டிங் லைட் என்று வந்தால் மட்டும் எதை வாங்குவது, எங்கே வைப்பது என்று மாதக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்களே, ஏன்? ஜீப் முன்னால் மாட்டுகிற 20,000 லூமன் எல்.இ.டி. பட்டை ஒன்றை வாங்கி மாட்டினால் ஆகாதா?"

ஆகாது. ஏன் ஆகாது என்பதில்தான் ஒளியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி இருக்கிறது. அதனால் மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிட்டு அங்கே போய்விடுகிறேன்.

ஆரிகன் மாநிலத்து வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் விற்கும் ஆர்வி வகை கிட்டுகளை வாங்கிக் கட்டிப் பறந்தவை மட்டுமே 11,000 விமானங்களுக்கு மேல். அலுமினியத் தகடுகள் பெட்டியில் வரும், ரிவெட் அடித்துக் கோப்பது உங்கள் பாடு. வேலையின் பெரும்பகுதியை அமெச்சூர்கள் ஆசைக்காகச் செய்திருந்தால் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. அதை 'எக்ஸ்பெரிமென்டல்' என்று பதிந்துகொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இரவில் பறக்க இறக்கை நுனியில் சிவப்பு, பச்சை விளக்குகளும், பின்னால் வெள்ளை விளக்கும், மோதலைத் தவிர்க்கப் பளிச்சிடும் விளக்கும் கட்டாயம். லேண்டிங் லைட்டோ வாடகைக்குப் பறக்கும் விமானங்களுக்கு மட்டும்தான் கட்டாயம். சொந்தமாகக் கட்டியதை வாடகைக்கு ஓட்ட அனுமதியே கிடையாது. ஆக, சட்டம் கேட்காத ஒரு விளக்குக்காகத்தான் இத்தனை சண்டை.

சரி, அந்த விளக்கு என்ன செய்ய வேண்டும்? ஆர்வி-7 போன்ற விமானம் இறங்க வரும்போது மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் இருக்கும், அதாவது நொடிக்கு 36 மீட்டர். 100 மீட்டர் தூரத்தில் ஒன்றைப் பார்த்தால் கையில் இருப்பது மூன்று நொடிக்கும் குறைவு. எனவே 200 மீட்டராவது தெரிய வேண்டும். பல பத்தாண்டுகளாகச் சின்ன விமானங்களில் இருந்த 4509 என்ற 100 வாட் இழை பல்பை எடுத்துக்கொள்வோம். அதன் நேர்முகச் செறிவு சுமார் 1,10,000 கேண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளியின் அளவு, இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்). தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், 200 மீட்டரில் 2.75 லக்ஸ் வருகிறது (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்). ஆனால் விமானம் 3 டிகிரி சரிவில்தான் இறங்குகிறது, ஒளி தரையைச் செங்குத்தாகத் தொடாமல் உரசிக்கொண்டு போகிறது, எனவே தரைக்குக் கிடைப்பது அதில் பத்தொன்பதில் ஒரு பங்கு, 0.14 லக்ஸ். நல்ல பௌர்ணமி நிலா தரும் வெளிச்சத்தில் பாதி! ஓடுபாதையில் நிற்கும் மானுக்கு இந்தத் தண்டனை இல்லை, அது நிமிர்ந்து நிற்பதால் 2.75 லக்ஸும் அதன் உடம்பில் விழும், அமெரிக்கச் சிறு விமானத் தளங்களில் மான் தொல்லை பெரிது என்பதால் இதை ஒரு நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தச் சங்கதி. லூமன் என்பது விளக்கில் இருந்து எல்லாப் பக்கமும் வருகிற மொத்த ஒளி. கேண்டெலா என்பது ஒரு திசையில் அது எவ்வளவு அடர்த்தியாகப் போகிறது என்பது. ஒரு படி நெல்லைக் குவித்து வைப்பதற்கும் பாயில் பரப்பி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதுவரை எல்லோருக்கும் தெரியும். "அப்படியானால் நல்ல லென்ஸ் போட்டுக் குவித்துவிட வேண்டியதுதானே" என்பார்கள். அங்கேதான் இயற்கை குறுக்கே கை நீட்டுகிறது.

பரவளைய ரிஃப்ளெக்டரின் குவியத்தில் ஒரு ஒளிப்புள்ளியை வைத்தால் கதிர்கள் இணையாக வெளியே போகும் என்று படித்திருப்போம். உண்மையில் ஒளிப்புள்ளி என்று ஒன்று கிடையாது, இழைக்கு அகலம் உண்டு. குவியத்தில் இருந்து கொஞ்சம் விலகிய இடத்தில் புறப்படும் கதிர் கொஞ்சம் விலகிய திசையில் போகும். எனவே கற்றை எவ்வளவு விரியும் என்பது, தோராயமாக, விளக்கின் அகலத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. 20 மில்லிமீட்டர் குவியத் தூரத்துக்கு 2 மில்லிமீட்டர் இழை வைத்தால் கற்றை 6 டிகிரிக்குள் அடங்கும். அதே இடத்தில் 10 மில்லிமீட்டர் அகலமுள்ள மஞ்சள் வட்டம் போன்ற எல்.இ.டி.யை வைத்துப் பாருங்கள், 28 டிகிரி. அதே லூமன், அதே ரிஃப்ளெக்டர், ஆனால் அகலத்திலும் உயரத்திலும் ஐந்து ஐந்து மடங்கு விரிந்து, நடுவில் செறிவு இருபத்தைந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

இதையே இன்னொரு பக்கத்தில் இருந்து பார்க்கலாம், எனக்கு இந்தப் பார்வைதான் ரொம்பப் பிடிக்கும். ஒரு நல்ல டார்ச்சைத் தூரத்தில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி (கிட்டே நின்று உற்றுப் பார்க்க வேண்டாம்) நேர் எதிரே நின்று பாருங்கள். சின்ன இழையோ எல்.இ.டி. சில்லோ கண்ணுக்குத் தெரியாது, ரிஃப்ளெக்டர் முழுவதுமே ஒளிர்கிறது போலத் தெரியும். எவ்வளவு பிரகாசமாக? இழையின் மேற்பரப்பு எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு, அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. எந்த லென்ஸும் எந்தக் கண்ணாடியும் ஒரு பரப்பை அதன் மூலத்தைவிடப் பிரகாசமாகக் காட்ட முடியாது. முடிந்தால் ஆறிய பொருளை வைத்துச் சூடான பொருளை மேலும் சூடாக்கலாம், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி கவிழ்ந்துவிடும். எனவே ஒரு விளக்கு தரக்கூடிய உச்சபட்ச கேண்டெலா என்பது மூலத்தின் பிரகாசத்தை ரிஃப்ளெக்டர் முகத்தின் பரப்பால் பெருக்கினால் வருவதுதான். லூமன் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை!

சரிபார்ப்போமா? 4509 பல்பின் அளவுக்கு பார்36 என்று பெயர், ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அப்படி 36, அதாவது நாலரை அங்குல விட்டம். பரப்பு சுமார் 0.01 சதுர மீட்டர். டங்ஸ்டன் இழையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 கோடி கேண்டெலா. பெருக்கினால் 2 லட்சம். கண்ணாடி இழப்பு, இழையின் சுருள்களுக்கு இடையே உள்ள இடைவெளி எல்லாம் போக 1,10,000 என்று அட்டையில் போட்டிருப்பது கச்சிதமாகப் பொருந்துகிறது. இதே இழையை இரண்டு அங்குல எம்.ஆர்.16 பல்பில் வைத்தால் பரப்பு ஐந்தில் ஒன்று, எனவே எவ்வளவு முட்டினாலும் 40,000த்தைத் தாண்ட முடியாது.

எல்.இ.டி.யின் கதை இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் சில்லில் 300 லூமன் தரும் வகையின் மேற்பரப்புப் பிரகாசம் சதுர மீட்டருக்கு 9 கோடி கேண்டெலாவைத் தாண்டுகிறது, இழையைவிட நாலு மடங்குக்கும் மேல். இரண்டு சென்டிமீட்டர் வட்டத்தில் சில்லுகளை நெருக்கி அடுக்கி 3,000 லூமன் தருகிற மலிவான வகைக்கோ வெறும் 30 லட்சம். பெட்டி மேல் பார்த்தால் இரண்டாவதற்குத்தான் பெரிய எண். ஜீப் பட்டையின் 20,000 லூமனும் பெரும்பாலும் சின்னச் சின்ன லென்ஸ்கள் வழியே அகலமாகப் பரவுவதற்காகச் செய்தது, காட்டு வழியில் இரண்டு பக்கப் புதரும் தெரிய வேண்டும் இல்லையா. டாக்ஸி செய்யும்போது, அதாவது விமானம் தரையில் சக்கரத்தில் ஊர்ந்து போகும்போது, அது அருமையான விளக்கு. இறங்கும்போது பக்கத்துப் புல்வெளிதான் பளிச்சென்று தெரியும். எனவே வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: உச்ச கேண்டெலா எவ்வளவு, கற்றை எத்தனை டிகிரி. இதற்குப் பதில் இல்லாமல் லூமன் மட்டும் போட்டிருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

இடையில் ஒரு மூடநம்பிக்கை: மஞ்சள் விளக்கு மூடுபனியைத் துளைக்கும் என்பது. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, அவை எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். வானத்தை நீலமாக்கும் கணக்கு இங்கே செல்லாது. மூடுபனியில் உதவுவது நிறம் அல்ல, விளக்கைக் கண்ணில் இருந்து தள்ளி வைப்பது. எஞ்சின் மூடியில் வைத்தால் சிதறிய ஒளி நேரே விமானியின் முகத்துக்குத் திரும்புகிறது, போதாததற்குச் சுழலும் புரொப்பல்லர் அதை வெட்டி வெட்டி மினுக்கும், எஞ்சின் அதிர்வில் இழையும் சீக்கிரம் போகும். இறக்கையின் வெளிப்புறம் அதனால்தான் நல்ல இடம். ஆனால் முன்விளிம்புத் தகடு வெறும் போர்வை இல்லை, இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு, அங்கே ஓட்டை போட்டால் ஓரத்தைச் சுற்றி வலுத் தகடு ரிவெட் அடிக்க வேண்டும், வரைபடத்தில் சொன்ன இடத்தைத் தாண்டி வெட்டக்கூடாது. கண்ணாடியிழையில் செய்த இறக்கை நுனிக்கு இந்தக் கவலை குறைவு.

எந்தக் கோணத்தில் திருப்பி வைப்பது? சரிவு 3 டிகிரி. இறங்கி வரும்போது மூக்கு எவ்வளவு தூக்கியிருக்குமோ அதையும் சேர்த்துக் கீழே பார்க்க வைக்க வேண்டும். விமானத்தைப் பறக்கும் நிலைக்குச் சமன்படுத்தி, ஹேங்கர் (விமானக் கொட்டகை) சுவருக்கு 8 மீட்டர் முன்னால் நிறுத்தி, விளக்கின் உயரத்தில் சுவரில் டேப் ஒட்டினால், ஒவ்வொரு 3 டிகிரிக்கும் ஒளிப்பொட்டு 42 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். வால்சக்கர விமானத்தில் சிக்கல் அதிகம்: தரையில் உட்காரும்போதே மூக்கு பத்து டிகிரிக்கு மேல் வானத்தைப் பார்க்கும், இறங்கும்போது சரியாக இருந்த கற்றை டாக்ஸியில் மரக்கிளையைக் காட்டும். ஒரு இறக்கையில் லேண்டிங், மறு இறக்கையில் தாழ்த்திய டாக்ஸி என்று பிரித்துக்கொள்வது அதனால்தான்.

மின்சாரம் பற்றி. இழை பல்பில் மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தால் ஒளி 16 சதவீதம் போகும், ஒல்லிக் கம்பி போட்டு மிச்சம் பிடிக்கக் கூடாது. எல்.இ.டி.க்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் தொல்லை வேறு. உள்ளே இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று மின்னோட்டத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்தக் கூர்மையான வெட்டுகளின் மேலடுக்கு அதிர்வெண்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது விமானிகள் பேசும் அதே பட்டை வரை ஏறிவிடும், இறக்கைக்குள் ஓடும் நீளக் கம்பி இலவச ஆன்டெனா ஆகிவிடும். விளக்கைப் போட்டதும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் இரைச்சலில் மூழ்கினால் காரணம் இதுதான். முறுக்கிய ஜோடிக் கம்பி, அதன் மேல் உறை, டிரைவருக்குப் பக்கத்திலேயே இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையம், இவை பெரும்பாலும் போதும். இறக்கையை மூடி ரிவெட் அடிப்பதற்கு முன், பேட்டரி ஒன்றையும் கைரேடியோ ஒன்றையும் வைத்து மேசையிலேயே சோதித்துவிடுவது உத்தமம்.

அப்புறம் சூடு. இழை பல்ப் வெப்பத்தை அகச்சிவப்பாக முன்னால் தள்ளும், அக்ரிலிக் மூடி இளகும். எல்.இ.டி.யின் வெப்பம் பின்பக்கமாகப் போகிறது, அலுமினியத்தோடு இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெயிலில் டாக்ஸி செய்யும்போதே டிரைவர் பயந்துபோய் ஒளியைக் குறைத்துவிடும்.

4509 பல்பின் ஆயுள் 25 மணி நேரம்தான், அதனால் யாரும் பகலில் எரிக்க மாட்டார்கள். எல்.இ.டி. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடும். எஃப்.ஏ.ஏ.வே விமான நிலையத்துக்குப் பத்து மைலுக்குள் பகலிலும் லேண்டிங் லைட்டைப் போடுங்கள் என்று ஊக்கப்படுத்துகிறது. இரண்டு இறக்கையிலும் மாறி மாறி மினுக்க வைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நம்மோடு மோத வருகிற விமானம் நம் கண்ணாடியில் இடம் மாறாமல் அதே புள்ளியில் நிற்கும், நகராத புள்ளியைக் கண் கண்டுகொள்ளாது, மினுக்கினால் கண்டுகொள்ளும்.

பறவைகளும் கண்டுகொள்ளுமா? ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானத்தில் விளக்கு எரிந்தால் கனடா வாத்துகள் சீக்கிரம் உஷாராகின்றன என்று அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பறவைக் கண் நம் கண் போன்றது இல்லை, எந்த நிறம், எந்த வேகத்தில் மினுக்கினால் எந்த இனம் விலகும் என்பதெல்லாம் இன்னும் நிறைய வேலை இருக்கிற இடம். இதற்குப் பணம் கேட்டால் வாத்துக்கு விளக்கு காட்டவா என்று சிரிக்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: 2009 ஜனவரியில் 155 பேரோடு கிளம்பிய விமானம் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்க நேர்ந்தது, இரண்டு எஞ்சின்களுக்குள்ளும் கனடா வாத்துகள் போனதால்தான்.