கடற்புல்லுக்குள் யார் இருக்கிறார்கள்? எண்ணும் முறையே தவறானால்

கடற்புல் திட்டில் என்னென்ன சங்கு, சிப்பி வாழ்கின்றன என்று கேட்டால், கரை ஒதுங்கிய ஓடுகளைப் பொறுக்கிப் பட்டியல் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலை நம்ப வேண்டாம். ஓடு எங்கிருந்தோ உருண்டு வந்திருக்கலாம், உள்ளே துறவி நண்டு குடியேறியிருக்கலாம். உயிருள்ளதையும் வெறும் ஓட்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பெரிய சங்கு, முத்துச்சிப்பி, ஐவிரல் சங்கு எல்லாம் எளிதில் கண்ணில் படும். தப்பிப்போவது பொடி நத்தைகள்தான். இலை மேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்று, புல்லுக்கு வெயில் படச் செய்பவை அவை. ஸ்மராக்டியா என்ற பச்சை நத்தை மட்டும் புல்லின் திசுவையே தின்னும். இலையின் நிறத்திலேயே இருப்பதால் அருகில் பார்த்தாலும் தெரியாது.

50 × 50 செ.மீ. சட்டம் வைத்து, உள்ளிருக்கும் புல்லின் மேல் நுண்கண் வலைப்பையைக் கவிழ்த்து, அடியோடு வெட்டுங்கள். வாளியில் நன்னீர் ஊற்றி அலசினால் ஒட்டியிருப்பவை உதிரும். பிறகு 15 செ.மீ. விட்டமுள்ள குழாயை 20 செ.மீ. ஆழம் அழுத்தி மண்ணெடுத்து, 0.5 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். 1 மி.மீ. சல்லடையோடு நிறுத்தினால் குஞ்சுகளும் பொடி நத்தைகளும் ஓடிவிடும். பகலில் புதைந்து கிடப்பவை பல இரவில்தான் மேலே வரும், ஆகவே இரண்டு வேளையும் எடுக்க வேண்டும். மாதிரியை 70% எத்தனாலில் வையுங்கள். நடுநிலைப்படுத்தாத பார்மலின் அமிலமாகி ஓட்டை அரித்துவிடும். கூம்புச் சங்கை வெறுங்கையால் தொடாதீர்கள், அதன் நஞ்சு உயிருக்கே ஆபத்து.

அழுகிய முட்டை வாடை வீசும் கறுப்புச் சேற்றைக் கொட்டிவிடாதீர்கள். லூசினிட் சிப்பிகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றின் செவுளில் வாழும் பாக்டீரியா, புல்லின் வேரைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடை உண்டு செரிக்கிறது. வேரோ மண்ணுக்குள் ஆக்சிஜன் விடுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றால் வேர் நஞ்சேறிப் பட்டுப்போகும். நங்கூரமும் இழுவலையும் புல்லைப் பிடுங்கும்போது இந்தச் சிப்பிகளின் இடமும் சேர்ந்தே குலைகிறது. இலையில் விரல் போன்ற வெள்ளை முட்டைப்பைகளைக் கண்டால் அது கணவாய் முட்டை, அந்த இடத்தில் வெட்டாமல் தள்ளிப் போங்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி அங்கே ஓடு எடுப்பதும் குற்றம்.