வெளிநாட்டில் வீடு வாங்க, சுற்றிப் பார்க்கப் பணம் மாற்றுகிறீர்களா? எல்.ஆர்.எஸ். விளக்கம்

சித்தப்பா துபாயில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார். 60 லட்சம் ரூபாயை ஒரே கணக்கில் திரட்டிக்கொண்டு பிப்ரவரியில் வங்கிக்குப் போனார். கூடப் போனது நான்தான். கவுன்ட்டரில் இருந்த பெண் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "70 லட்சத்துக்கு மேல இருந்தாத்தான் சார் அனுப்ப முடியும்" என்றார். சித்தப்பா செக் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்.

அந்த 10 லட்சம் என்ன கணக்கு என்பது முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கு அப்படித் திரும்பியிருக்க வேண்டாம்.

இந்தியாவில் வசிக்கும் தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். (தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம்) என்ற திட்டத்தின் கீழ்தான். 2004இல் 25,000 டாலரில் தொடங்கியது. ரூபாய் சரிந்த 2013இல் வரம்பை 75,000 டாலராகக் குறைத்தார்கள். 2015 முதல் ஒரு நிதியாண்டுக்கு ஆளுக்கு 2,50,000 டாலர். குழந்தைக்கும் இதே வரம்புதான், கையெழுத்து மட்டும் பெற்றோர் போட வேண்டும். கம்பெனி, டிரஸ்ட், இந்துக் கூட்டுக் குடும்பம் ஆகியவற்றுக்கு இது கிடையாது.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சுற்றுலாவுக்கு வாங்கிய டாலர், மகனுக்கு அனுப்பிய செலவுப் பணம், வெளிநாட்டுப் பங்கு, வீட்டு அட்வான்ஸ் எல்லாம் ஒரே பான் எண்ணின் கீழ் ஒரே கணக்கில் சேரும். எந்த வங்கியில் அனுப்பினாலும் சரி. பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் என்ன காரணத்துக்காக அனுப்புகிறீர்கள் என்று குறிக்கும் கட்டத்தை நீங்களே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் காரணத்தைப் பொறுத்துத்தான் வரிப் பிடித்தம் மாறும்.

பணம் அனுப்பும்போதே வங்கி வசூலித்து அரசுக்குக் கட்டும் அந்தப் பிடித்தத்தின் பெயர் டி.சி.எஸ். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை. அதைத் தாண்டும் தொகைக்கு, வீடு வாங்குவது போன்ற காரணங்களுக்கு 20 சதவீதம். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் இதைவிடக் குறைவு. சித்தப்பா கணக்கில் 60 லட்சத்தில் 10 போக 50 லட்சம். அதில் 20 சதவீதம் 10 லட்சம். இது கூடுதல் வரி இல்லை, முன்பணம் மாதிரி. உங்கள் பான் கணக்கில் வரவாகும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழியும், மிச்சம் திரும்பி வரும். சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் சொன்னால் மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனாலும் திரும்பி வரும்வரை அவ்வளவு பணம் முடங்கிக் கிடக்குமே, நடுத்தரக் குடும்பத்துக்கு அது சாதாரண விஷயமா?

எங்கள் வீட்டில் அந்த 60 லட்சத்தில் பாதி சித்தியுடையது. ஓய்வுபெற்றபோது வந்த பி.எஃப்., கிராஜுவிட்டி. அதனால் ஃபிளாட்டை இருவர் பெயரிலும் வாங்குவது என்று முடிவானது. ஆளுக்கு 30 லட்சம் அனுப்பினால், இருவருக்கும் தனித்தனி 10 லட்சம் விலக்கு. பிடித்தம் மொத்தம் 8 லட்சமாகிறது. அதையும் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் ஆளுக்கு 15 லட்சம்தான். 5 லட்சத்துக்கு 1 லட்சம் வீதம், நான்கு முறைக்கு 4 லட்சம். விற்பவர் ஏப்ரல் வரை பொறுத்துக்கொண்டதால் அப்படியே செய்தோம்.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பணம் அனுப்புகிறவர் பெயர் பத்திரத்திலும் இருக்க வேண்டும். சொத்துக்கு அனுப்பும்போது அந்த வங்கியில் ஓராண்டுப் பழைய கணக்கு இருந்தால் சிக்கலில்லை. புதுக் கணக்கென்றால் முந்தைய ஆண்டு ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். அனுப்பிய பணத்தைப் பயன்படுத்தாமல் அங்கே சும்மா வைத்திருந்தால் 180 நாளுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். இப்படி அனுப்புவதற்கு இந்திய வங்கிகள் கடன் தரக் கூடாது. கிரெடிட் கார்டைத் தேய்த்து ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டவே கட்டாதீர்கள். கட்டுமான நிறுவனம் தவணைத் திட்டம் காட்டினால், அப்படித் தவணையாக அனுப்பலாமா என்று ஒப்பந்தம் போடும் முன்பே வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிடித்தத்துக்குப் பயந்து வங்கிக்கு வெளியே உண்டியலில் (ஹவாலா) அனுப்பலாம் என்று சொல்ல ஊரில் ஆள் இருப்பார்கள். மாட்டினால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். பணம் முறையாக வந்தது என்று காட்டவும் எதுவும் கையில் இருக்காது.

சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துப் போகலாம், மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் அட்டை) ஏற்றிக்கொள்ளுங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் மாற்றினால் ரொக்கம் வாங்க மாட்டார்கள். செக், கார்டு மாதிரி வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டு எல்.ஆர்.எஸ். கணக்கில் சேரும். வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவையும் சேர்ப்பதாக 2023 மே மாதம் அறிவித்து, ஜூனிலேயே தள்ளிவைத்துவிட்டார்கள். அங்கே கடையில் கார்டு மெஷின் "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா" என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த ரேட்தான்.

பணம் மாற்றினால் ஜி.எஸ்.டி. உண்டு, பயப்படும் அளவுக்கு இல்லை: 1 லட்சம் ரூபாய்க்கு 180 ரூபாய், 60 லட்சத்துக்கே 1,890 ரூபாய். நிஜமான செலவு ரேட்டில்தான் ஒளிந்திருக்கிறது. அதனால் "சார்ஜ் எவ்வளவு" என்று கேட்காமல், "இத்தனை டாலருக்கு மொத்தம் எத்தனை ரூபாய் கட்டணும்" என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். ஊர் திரும்பியதும் மிச்ச நோட்டில் 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலிருப்பதை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். மாற்றிய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் வீடு வாங்கியவர்களுக்கு இன்னொன்று. ஆண்டுதோறும் வருமான வரி ரிட்டர்னில், வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்.ஏ. அட்டவணையில் அந்த வீட்டைக் காட்டியாக வேண்டும், வாடகை வந்தாலும் வராவிட்டாலும். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடமிருக்கிறது. 20 லட்சத்துக்கு உட்பட்ட வெளிநாட்டுச் சொத்துக்கு 2024இல் கொடுத்த சலுகை வீடு, நிலத்துக்குப் பொருந்தாது. ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் இந்த அட்டவணையே இல்லை, ஐ.டி.ஆர்.-2 போட வேண்டும். பத்திரத்தில் சித்தி பெயரும் இருப்பதால் இந்த வருடம் அவரும் தனியாக அதைத்தான் போடுகிறார்.