பாட்டியின் பெட்டியில் இருக்கும் நூலால் தைக்கலாமா?

பழுது பார்க்க என்னிடம் வரும் துணிகளில் ஒரு வகையைப் பார்த்தவுடனே அடையாளம் தெரிந்துவிடும். துணி நன்றாகவே இருக்கும். அண்மையில் போட்ட தையல் மட்டும் அங்கங்கே அறுந்து தொங்கும். "பாட்டியோட நூல்லதான் தைச்சேன், அந்தக் காலத்து நூல் கெட்டியா இருக்குமே" என்பார்கள். அந்தக் காலத்தில் கெட்டியாக இருந்திருக்கும், சந்தேகமில்லை.

பாலியெஸ்டர் இழை 1941இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நூல்கண்டு என்றால் பெரும்பாலும் பருத்தி, பட்டு அல்லது லினன். வெளிச்சமும் ஈரமும் அமிலமும் பருத்தியிலுள்ள செல்லுலோஸை மெல்ல மெல்லத் துண்டாக்கிவிடும். பட்டுக்கு வெளிச்சம் இன்னும் ஆகாது. நிறமும் மினுமினுப்பும் அப்படியே இருக்க, நூல் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும்.

சோதிப்பது சுலபம். ஒரு முழம் நூலை இரு கையிலும் சுற்றிச் சட்டென்று இழுங்கள். நல்ல நூல் விரலை அறுக்கப் பார்க்கும்; அறும்போது 'டப்' என்று கேட்கும். இற்ற நூல் சத்தமே இல்லாமல் பிரிந்து வரும். மேல்சுற்றுகள்தான் வெளிச்சத்தில் அதிகம் அடிபட்டிருக்கும் என்பதால், சில சுற்றுகளைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள்.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்த்திசையில் ஓடுகிறார்கள். இருப்பதிலேயே வலுவான நைலான் நூலை வாங்கிப் பழைய பருத்தித் துணியில் தைத்துவிடுகிறார்கள். என் கணக்கில் இதுதான் பெரிய சேதம். இழுபடும்போது அந்த நூல் அறாது. ஊசித்துளை வழியாகத் துணியைத்தான் அறுக்கும். தையல் விட்டால் திரும்பத் தைத்துக்கொள்ளலாம், துணி கிழிந்தால் இழையோட்டி ஒப்பேற்றத்தான் முடியும். நூல் எப்போதும் துணியைவிட ஒரு படி பலவீனமாக இருக்கட்டும். பருத்திக்குப் புதிய பருத்தி நூல், பட்டுக்குப் பட்டு. பருத்தி நூலின் பருமனைக் காட்டக் கண்டில் போடும் வழக்கமான எண்ணில் 40ஐவிட 60 மெல்லியது. கண்டில் பார்க்கும் நிறம் ஒற்றை இழையாகும்போது வெளிறித் தெரியும். துணியைவிடச் சற்று அடர்ந்த நிறமாக எடுங்கள்.

பெட்டியிலுள்ள மற்றவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். துருப்பிடித்த ஊசியையும் குண்டூசியையும் துணியில் குத்தவே வேண்டாம். அந்தக் கறை போவது கடினம், இருக்கும் இடத்தில் இழையையும் அரிக்கும். கம்பளித் துண்டில் ஊசி செருகி வைத்திருந்தால் பூச்சி அரித்திருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். பழைய பட்டன்களில் செல்லுலாய்டு என்ற பழங்கால பிளாஸ்டிக்கில் செய்தவையும் இருக்கலாம். நெடி அடித்தாலோ, பிசுபிசுத்தாலோ, பக்கத்திலிருக்கும் உலோகம் துருவேறினாலோ அவற்றைத் தனியே எடுத்துக் காற்றோட்டமாக வையுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடினால் சிதைவு வேகமாகும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நூல்கண்டுகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கட்டையில் ஒட்டிய சீட்டைக் கிழிக்காமல், வேறு கட்டைக்கு மாற்றிச் சுற்றாமல், வெயில் படாத உலர்ந்த இடத்தில் அப்படியே வையுங்கள். அந்த நூல் தன் உடுப்பில் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு (எனக்கு அவர்களைப் பிடிக்கும்). அவர்களுக்கு நான் சொல்வது, இழுவை விழாத இடத்தில் பெயரின் முதலெழுத்தை மட்டும் அதில் பின்னிக்கொள்ளுங்கள் என்றுதான். அதற்கு முன் ஈர வெள்ளைத் துணியில் அந்த நூலை அழுத்திச் சாயம் விடுகிறதா பாருங்கள். பழைய சிவப்பு நூலென்றால் கட்டாயம் பாருங்கள்.